கருத்தடை மாத்திரை: முதல் 3 அட்டைகளில் வரும் தொந்தரவுகளும் சரிபார்க்க வேண்டியவையும்

கருத்தடை மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய பெண்கள் ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும், நான் முதலில் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வது வழக்கம். என்ன தொந்தரவு என்பதை அவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். ஆனால் எந்த மாத்திரை எடுக்கப்படாமல் கிடக்கிறது, இப்போது எந்த நிறத்தில் நிற்கிறார்கள், அட்டை என்றைக்குத் தொடங்கப்பட்டது என்பவற்றை நினைவைவிட அட்டை ஒழுங்காகச் சொல்லிவிடும். இதைப் படிப்பவர்களும் தங்கள் அட்டையையும், பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் மருந்துக் குறிப்புத் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு, தங்கள் தொந்தரவு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேரே போகலாம்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகை என்பதை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களும் உள்ளதைக் கூட்டு மாத்திரை என்றும், புரோஜெஸ்டின் மட்டும் உள்ளதை ஒற்றை ஹார்மோன் மாத்திரை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். கூட்டு மாத்திரை அட்டையில் பெரும்பாலும் 21 மருந்து மாத்திரைகள் இருக்கும். அதன் பிறகு 7 நாட்கள் எதுவும் போடாமல் விடவேண்டும், அல்லது அந்த 7 நாட்களுக்கு மருந்தில்லாத வேறு நிற மாத்திரைகள் அதே அட்டையில் இருக்கும். சில தயாரிப்புகளில் இது 24க்கு 4 என்றும் வரும். சில தயாரிப்புகளில் அந்த வேறு நிற மாத்திரைகளில் இரும்புச் சத்து சேர்த்திருப்பார்கள். அந்த நாட்களில் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து வருபவர்களும் உண்டு. காரணம் அந்த இரும்புதான்.

முதலில் இவை: வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை அத்துடன் மூடிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். போகும்போது கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லவேண்டும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

- ஒரு காலில் மட்டும், குறிப்பாகக் கெண்டைக்காலில், வலியும் வீக்கமும் சூடும் இருத்தல்.
- திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, இருமலில் இரத்தம்.
- இதுவரை அறியாத கடுமையான தலைவலி, முகமோ ஒரு பக்கக் கையோ காலோ மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், பேச்சுக் குழறல், பார்வை திடீரென மங்குதல்.
- வயிற்றில் தாங்க முடியாத வலி. கண்ணும் தோலும் மஞ்சளித்தல்.
- மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, அதனுடன் மயக்கம். கருக்குழாயில் கரு தங்கியிருக்கக்கூடும்.

முதல் மூன்றும் இரத்தக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். கூட்டு மாத்திரை எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு இரத்தக் குழாயில் கட்டி உண்டாகிறது என்றால், கூட்டு மாத்திரை எடுப்பவர்களில் அது 3 முதல் 9 பேருக்கு உண்டாகிறது. அதாவது அரிதுதான், ஆனால் அந்த அரிதான வாய்ப்பு முதல் ஆண்டில், அதிலும் தொடக்க மாதங்களில்தான் அதிகம் என்பதால், புதிதாகத் தொடங்கியவர் ஒற்றைக் கால் வலியைத் தசைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதற்குத் தயங்கி வீட்டில் இருப்பதைவிட வீண் அலைச்சலாகப் போய்விட்டு வருவது மேல்.

"மாத்திரை தொடங்கிவிட்டேன், இப்போது பாதுகாப்பு வந்துவிட்டதா?"

இது தொந்தரவு அல்ல என்றாலும் முதல் வாரத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. இதற்கான விடை தொடங்கிய நாளைப் பொறுத்தது. மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து எண்ணுங்கள்.

*கூட்டு மாத்திரையை 1 முதல் 5ஆம் நாளுக்குள் தொடங்கியிருந்தால்* பாதுகாப்பு அன்றே தொடங்கிவிடும், ஆணுறை தேவையில்லை.

*அதற்குப் பிந்தைய நாளில் தொடங்கியிருந்தால்* தொடர்ந்து 7 நாட்கள் மாத்திரை உள்ளே போகும் வரை ஆணுறை வேண்டும், அல்லது உறவைத் தவிர்க்க வேண்டும். 7 நாட்கள் என்பது நாள்காட்டியில் கடந்த 7 நாட்கள் அல்ல. ஒன்றுகூடத் தவறாமல் விழுங்கிய 7 மாத்திரைகள்.

*ஒற்றை ஹார்மோன் மாத்திரையாக இருந்தால்* பெரும்பாலான வகைகளுக்கு முதல் 5 நாட்களில் தொடங்கும்போது உடனடிப் பாதுகாப்பு உண்டு; பிறகு தொடங்கினால் 2 நாட்கள் ஆணுறை போதும். டிரோஸ்பிரனோன் மட்டும் உள்ள மாத்திரைக்கு மட்டும் விதி வேறு: மாதவிடாயின் முதல் நாளில் தொடங்காவிட்டால் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். குறிப்புத் தாள் இவற்றைவிட அதிக நாட்களைச் சொன்னால் தாள் சொல்வதையே பின்பற்றுங்கள்.

*அவசரக் கருத்தடை மாத்திரை போட்ட பிறகு தொடங்குவதாக இருந்தால்* எது போட்டீர்கள் என்று பாருங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றால் அன்றே தொடங்கலாம். யூலிப்ரிஸ்டால் என்றால் 5 நாட்கள் கழித்துத்தான் தொடங்கவேண்டும். முன்கூட்டித் தொடங்கினால் யூலிப்ரிஸ்டாலின் வேலையையே புதிய மாத்திரை கெடுத்துவிடக்கூடும். இரண்டிலும், தொடங்கிய பின் மேலே சொன்ன காத்திருப்பு நாட்கள் உண்டு. கூட்டு மாத்திரைக்கு அது 7 நாட்கள். 3 வாரம் கழித்துச் சிறுநீரில் கருப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம்.

ஒழுங்காக எடுத்தால் ஓர் ஆண்டில் 1,000 பெண்களில் சுமார் 3 பேரே கருவுறுவர். நடைமுறையில் மறதியும் வாந்தியும் பயணமும் குறுக்கிடுவதால் அது 100க்கு ஏறத்தாழ 7 பேர் என்று ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் அடுத்த தலைப்பு.

மாத்திரை தவறிவிட்டது

*கூட்டு மாத்திரை, ஒன்று மட்டும்:* நினைவு வந்த உடனே விழுங்கிவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு போடும்படி ஆனாலும் கெடுதல் இல்லை. கொஞ்சம் குமட்டலாம், அவ்வளவுதான். பாதுகாப்பு குறையாது.

*கூட்டு மாத்திரை, இரண்டு அல்லது அதற்கு மேல்:* கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் விழுங்குங்கள். அதற்கு முன் தவறியவற்றைப் போடவேண்டாம், மொத்தமாகச் சேர்த்து விழுங்கி ஈடுகட்ட முடியாது. மீதியை வழக்கம்போலத் தொடர்ந்து, 7 மாத்திரைகள் தொடர்ச்சியாக உள்ளே போகும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். தவறியது அட்டையின் எந்த வாரம் என்பது அடுத்த கேள்வி. முதல் வாரமாக இருந்து, முந்தைய 5 நாட்களுக்குள் பாதுகாப்பில்லாத உறவும் நடந்திருந்தால், அவசரக் கருத்தடை பற்றி அன்றே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். மருந்து மாத்திரைகளின் கடைசி வாரமாக இருந்தால், வேறு நிற மாத்திரைகளையோ இடைவெளியையோ விட்டுவிட்டு அடுத்த அட்டையின் மருந்து மாத்திரைகளுக்கு நேரே போய்விடுங்கள். அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம், அது பரவாயில்லை.

*மருந்தில்லாத, வேறு நிற மாத்திரை தவறினால்:* எதுவும் செய்யவேண்டாம். தவறியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

*புதிய அட்டை தாமதமாகத் தொடங்கியது:* பெரும்பாலோர் இதைத் தவறியதாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தவறல்களில் மிக மோசமானது இதுதான். ஒருமுறை ஒரு பெண் ஒழுங்காகப் போட்டு முடித்த அட்டையைக் கொண்டுவந்தார். வெள்ளை மாத்திரைகளில் ஒன்றுகூட மீதமில்லை. பழுப்பு மாத்திரைகள் ஏழும் அப்படியே இருந்தன. அவை வெறும் சத்து மாத்திரை என்று யாரோ சொன்னதால் விட்டுவிட்டிருக்கிறார். அதில் தவறில்லை, ஆனால் தினமும் ஒன்று விழுங்கும் பழக்கம் அந்த ஏழு நாட்களில் அறுந்துபோய், தீட்டு முழுவதும் நிற்கட்டும் என்று காத்திருந்து, புதிய அட்டையைப் பத்தாவது நாளில் தொடங்கியிருந்தார். மருந்தில்லாத நாட்கள் 7ஐத் தாண்டும்போது கருமுட்டை வெளியாகும் வாய்ப்பு கூடுகிறது. நடு அட்டையில் ஒன்றிரண்டு விடுபடுவதைவிட இது கெடுதல் செய்வது அதனால்தான். தீட்டு நின்றாலும் நிற்காவிட்டாலும் எட்டாவது நாள் புதிய அட்டையைத் தொடங்கியாக வேண்டும். வேறு நிற மாத்திரைகளை விடாமல் எடுக்கச் சொல்வது இந்தப் பழக்கம் அறாமல் இருக்கத்தான்.

*ஒற்றை ஹார்மோன் மாத்திரை:* இதற்கு நேரம் மிக முக்கியம். நார்எதிஸ்டிரோன் போன்ற பழைய வகைகளில் 3 மணி நேரத் தாமதமே தவறலாகக் கணக்கிடப்படும். டெசோஜெஸ்ட்ரல் வகைக்கு 12 மணி நேரம். டிரோஸ்பிரனோன் மட்டும் உள்ளதற்கு 24 மணி நேரம். எல்லை தாண்டிவிட்டால் உடனே ஒன்றை விழுங்கித் தொடருங்கள். ஆணுறை குறைந்தது 2 நாட்களுக்கு, டிரோஸ்பிரனோனுக்கு 7 நாட்களுக்கு. இங்கும் தாள் அதிகம் சொன்னால் அதுவே விதி. "தினமும் காலையில் போடுகிறேன்" என்று சொல்பவர்களிடம் எத்தனை மணிக்கு என்று கேட்டால், ஆறு மணியும் காலையாக இருக்கும், பதினொன்றும் காலையாக இருக்கும். இந்த வகைக்கு அந்தக் காலை உதவாது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் மாத்திரையை விழுங்கிய பிறகே அலாரத்தை அணைக்கவேண்டும். அணைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் வேறு வேலையில் இறங்கிவிடுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அட்டையின் நடுவில் இரத்தம் கசிகிறது

முதல் 3 மாதங்களில் மாத்திரையைப் பாதியில் கைவிட வைக்கும் காரணங்களில் இதுவே முதன்மையானது. உள்ளாடையில் பழுப்புக் கறையாகத் தொடங்கி, சில நாட்கள் பட்டும் படாமலும் இருந்து, நின்று, மறுபடி வரும். கருப்பையின் உட்சுவர் புதிய ஹார்மோன் அளவுக்குப் பழகும் காலம் அது. மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் வரை கசிவு இருப்பதால் பாதுகாப்பு குறைவதில்லை. கசிவைக் கண்டு மாத்திரையை நிறுத்தினால்தான் கசிவும் பெருகும், பாதுகாப்பும் போகும். பின்வரும் வரிசையில் சரிபாருங்கள்.

முதலில் அட்டை. கசிவு தொடங்கிய நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா, நேரம் பல மணி நேரம் முன்பின்னாகிறதா என்று பாருங்கள். ஒரு பெண் ஒன்றுகூடத் தவறவில்லை என்று உறுதியாகச் சொன்னார். அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டாவது வரிசையில் ஒரு மாத்திரை படலம் கிழிந்தும் வெளியே வராமல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அழுத்திய நினைவு அவருக்கு இருந்தது. அடுத்து, அந்த வாரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்ததா என்று நினைவுபடுத்துங்கள். அடுத்து, புதிதாக வேறு மருந்து ஏதும் தொடங்கினீர்களா என்று பாருங்கள். கடைசித் தலைப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. புகைப்பிடிப்பவர்களுக்கும் கசிவு அதிகம்.

இவற்றில் எதுவும் இல்லை, மூன்றாவது அட்டை இன்னும் முடியவில்லை என்றால், செய்ய வேண்டியது தொடர்வது மட்டுமே. கசிவை நிறுத்தத் தாமாகவே நாளுக்கு இரண்டு மாத்திரை போடத் தொடங்குவது கூடாது. அட்டை சீக்கிரம் தீர்ந்து கணக்கே குழம்பிவிடும். தொந்தரவு அதிகமாக இருந்தால் சில நாட்களுக்கு ஐபுபுரூஃபன் தரலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வயிற்றுப்புண் உள்ளவர்கள் அதைத் தாமாக எடுக்கக் கூடாது.

மாத்திரை விடுபட்டதும் உண்டு, பாதுகாப்பில்லாத உறவும் உண்டு என்றால் கருப் பரிசோதனை செய்யவேண்டும். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்கள் அந்தப் பரிசோதனையின் முடிவை மாற்றுவதில்லை. ஆகவே மாத்திரை எடுத்துக்கொண்டே செய்துபார்க்கலாம்.

மருத்துவரிடம் போகவேண்டிய எல்லை இது: மூன்று அட்டைகள் முடிந்தும் கசிவு நிற்காமல் இருத்தல், சில மாதங்கள் ஒழுங்காக இருந்துவிட்டுப் புதிதாகக் கசிவு தொடங்குதல், உறவுக்குப் பின் இரத்தம் வருதல், கசிவுடன் காய்ச்சல், துர்நாற்றம், அடிவயிற்று வலி இருத்தல். கிளமிடியா போன்ற தொற்றும், கருப்பை வாயில் வளரும் சிறு சதையும் இதே போன்ற கசிவாகத்தான் தெரியும். அவற்றை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எதுவும் இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் அளவு சற்று வேறான மாத்திரைக்கு மருத்துவர் மாற்றுவார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு அணையாடை முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அன்றே, அப்போதே போகவேண்டும்.

குமட்டல், வாந்தி

எளியது நேரத்தை மாற்றுவது. வெறும் வயிற்றில் காலையில் போடுபவர்கள் இரவு உணவுக்குப் பின் அல்லது படுக்கும்போது போட்டுப் பாருங்கள். குமட்டல் உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடலாம். கூட்டு மாத்திரையின் நேரத்தை மாற்றும்போது இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டாதபடி, முன்கூட்டியே போட்டு மாற்றுவது நல்லது. பெரும்பாலோருக்கு ஓரிரு அட்டைகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்த மாத்திரை உதவக்கூடும். நடுவில் தொடங்கி நாளுக்கு நாள் அதிகரிக்கும் குமட்டலாக இருந்தால் கருப் பரிசோதனையை மறக்காதீர்கள்.

*மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால்* அது உடலில் சேரவில்லை என்றே கொண்டு, இன்னொன்று போடுங்கள். அதே அட்டையின் அடுத்த மாத்திரையைப் போட்டால் அன்றிலிருந்து கிழமைக் கணக்கு ஒரு நாள் முன்தள்ளிப் போகும். கையில் வேறு அட்டை இருந்து, அதில் எல்லா மருந்து மாத்திரைகளும் ஒரே நிறமாக இருந்தால், அதன் கடைசியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது குழப்பமில்லாத வழி.

*வாந்தியோ கடுமையான வயிற்றுப்போக்கோ 2 நாட்களுக்கு மேல் நீடித்தால்* இரண்டு மாத்திரைகள் தவறியதற்கான விதியைப் பின்பற்றுங்கள். ஓரிரு முறை இளகிப் போவது கணக்கில் வராது.

தலைவலி

எந்த நாட்களில் வருகிறது என்று குறித்து வையுங்கள். மருந்தில்லாத வாரத்தில் மட்டும் வருகிறது என்றால் ஹார்மோன் திடீரெனக் குறைவதால் வரும் வலி அது. அந்த இடைவெளியைக் குறைக்கவோ தவிர்க்கவோ முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். முதல் ஓரிரு அட்டைகளில் அவ்வப்போது வந்து சாதாரண வலி மாத்திரைக்குக் கட்டுப்படுவது பெரும்பாலும் தானே போய்விடும்.

ஆயினும் தலைவலி உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூட்டு மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. மருத்துவர் வேறு முறைக்கு மாற்றுவார். மாத்திரை தொடங்கும் முன்பே அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்று சொல்பவர்கள் நான் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

தலைவலிக்கு முன் கண்ணெதிரே நெளிநெளியான ஒளிக்கோடுகள் தெரிவது, பார்வையின் ஒரு பகுதி அழிந்ததுபோல் ஆவது, விரல் நுனியிலிருந்து மரத்துப்போதல் மெல்ல மேலேறுவது, இவை ஒளிவளையத்துடன் கூடிய ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறிகள். இது உள்ளவர்கள் கூட்டு மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும். முன்பே இருந்ததைச் சொல்லாமல் தொடங்கியிருந்தாலும், தொடங்கிய பின் முதல்முறையாக வந்திருந்தாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆணுறை பயன்படுத்திக்கொண்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒற்றை ஹார்மோன் மாத்திரை போன்ற மாற்றுகள் இவர்களுக்கு உண்டு. 35 வயதைக் கடந்து புகைப்பிடிப்பவர்கள், முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள், பிரசவமாகி 3 வாரம் ஆகாதவர்கள் ஆகியோருக்கும் கூட்டு மாத்திரை கூடாது. இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் தலைவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தீட்டு வரவே இல்லை

எல்லா மாத்திரையும் நேரத்துக்குப் போயிருந்தால் கரு தங்கியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உட்சுவர் மெலிந்திருப்பதால் வெளியேற ஒன்றும் இல்லை; "அழுக்கு இரத்தம் உள்ளே தங்கிவிட்டது" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதில் உண்மை இல்லை. ஒற்றை ஹார்மோன் மாத்திரையில் மாதக்கணக்கில் வராமல் இருப்பதும் சாதாரணம். அடுத்த அட்டையை உரிய நாளில் தொடங்குங்கள். தீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் முன்பு சொன்ன அந்தப் பத்தாவது நாள் தவறு நடந்துவிடும்.

மாத்திரை விடுபட்டிருந்தால், வாந்தி எடுத்திருந்தால், அல்லது இரண்டு மாதம் தொடர்ந்து வராமல் மனம் அமைதியில்லாமல் இருந்தால், கருப் பரிசோதனை செய்யுங்கள். ஐயமான உறவு நடந்து 3 வாரம் ஆன பின் செய்யும் சோதனைதான் நம்பத்தக்கது. கரு உறுதியானால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தெரியாமல் எடுத்த அந்த மாத்திரைகளால் குழந்தைக்குப் பிறவிக் குறை வருவதாக அறியப்படவில்லை.

மார்பு வலி, எடை, முகம், மனம்

மார்பகங்கள் கனத்து, தொட்டால் வலிப்பது முதல் மாதங்களில் சகஜம். நன்கு தாங்கும் உள்ளாடை போதும். ஒரே இடத்தில் கட்டி தட்டுப்பட்டால் அது வேறு விஷயம், காட்டிவிடுங்கள்.

எடை பற்றிய பயம்தான் எல்லோரிடமும் இருக்கிறது. நீர் தங்கி உடல் உப்பியதுபோல் தோன்றலாம். ஆனால் கூட்டு மாத்திரையால் எடை பெரிதாகக் கூடுகிறது என்று ஆய்வுகளில் நிறுவப்படவில்லை.

முகப்பருவுக்குப் பலன் தெரியக் குறைந்தது மூன்று அட்டைகள் ஆகும். சிலருக்குத் தொடக்கத்தில் சற்று அதிகமாகவும் செய்யும். கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு படர்ந்தால் வெயிலைத் தவிர்ப்பதும் சன்ஸ்கிரீன் தடவுவதும் முதல் படி. ஆனால் மாத்திரை தொடரும்வரை அது முழுதாகப் போகாமலும் இருக்கலாம். முகம் உங்களுக்கு முக்கியம் என்றால் முறையை மாற்றுவது பற்றிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனச் சோர்வு, எரிச்சல், காரணமில்லாத அழுகை ஆகியவற்றை "எல்லாம் மூன்று மாதத்தில் சரியாகும்" என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. கசிவுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தும், மனத்துக்குப் பொருந்தாது. தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து மோசமாகவே போனால் மருத்துவரிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், யாரிடமாவது சொல்லி, அன்றே உதவி தேடவேண்டும்.

வேறு மருந்தும் எடுக்கிறேன்

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால், எச்ஐவிக்கான சில மருந்துகள், மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். ஆணுறையை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தாமல், காப்பர் டி போன்ற வேறு முறை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை எதிர்த்திசையில் வரும்: கூட்டு மாத்திரை அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பை மீண்டும் வரச்செய்யக்கூடும். சளிக்கும் பல் வலிக்கும் தரப்படும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகள் மாத்திரையைக் கெடுப்பதில்லை. அவற்றால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் கெடுக்கும்.

நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது

ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே நிறுத்துங்கள். அட்டையின் எந்த நாள் என்று பார்க்கவேண்டாம். மற்ற தொந்தரவுகளுக்காக என்றால், நடுவில் விடாமல் அந்த அட்டையின் மருந்து மாத்திரைகளை முடித்துவிட்டு நிறுத்துவது சிக்கலில்லாதது. முதல் வாரத்தின் நடுவில் நிறுத்தி, அதற்கு முந்தைய நாட்களில் உறவும் நடந்திருந்தால், அது மாத்திரை தவறியதற்குச் சமம். அவசரக் கருத்தடை தேவையா என்று கேட்டுவிடுங்கள். நிறுத்திய பின் கருத்தரிக்கும் தன்மை சில வாரங்களிலேயே திரும்பலாம், முதல் தீட்டு வருவதற்கு முன்பேகூட. ஆகவே வேறு முறையைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு நிறுத்துங்கள். மருத்துவரிடம் போகும்போது பாதி தீர்ந்த அந்த அட்டையை எறிந்துவிடாமல் கொண்டுபோங்கள். எந்த ஹார்மோன், எத்தனை மைக்ரோகிராம் என்பது அதன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும், அடுத்த மாத்திரையை அவர் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்.